சுழி விழுகிறதா? ஸ்மூத்திக்கு பிளெண்டர் வாங்கும் முன்

ஃப்ரீசரில் இருந்து எடுத்த மாம்பழத் துண்டுகள் இரண்டு கப். அதன் மேல் அரை டம்ளர் பால். மிக்ஸியின் பெரிய ஜாரில் போட்டு மூடி, குமிழைத் திருப்புகிறீர்கள். முதல் இரண்டு விநாடி கடகடவென்று சத்தம். அப்புறம் சத்தம் மாறுகிறது. கனமாக உறுமிக்கொண்டிருந்த மோட்டார் திடீரென்று லேசாகி, கீச்சென்று ஓடத் தொடங்குகிறது. திறந்து பார்த்தால் மேலே இருந்த துண்டுகள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. அடியில் பிளேடைச் சுற்றி மட்டும் கொஞ்சம் மஞ்சள் விழுது அப்பியிருக்கிறது. அதற்கு நடுவே குகை மாதிரி ஒரு வெற்றிடம். இவ்வளவு நேரமும் பிளேடு அந்தக் குகைக்குள் காற்றைத்தான் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஸ்மூத்திக்கு எந்த பிளெண்டர் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் குகையைப் பற்றித்தான். என் தங்கை போன வருடம் ஒன்று வாங்கக் கிளம்பியபோது போனில் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாட் வாங்கலாம்க்கா?" என்பது. கடையிலும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். பெட்டியின் மேலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன ஜாரில் மோட்டாருக்குத் தெம்பு போதாமல் வேலை நிற்கவில்லை. மோட்டார் தாராளமாக ஓடியது. பழம்தான் பிளேடுக்கு வந்து சேரவில்லை. அந்த இடத்தில் இன்னும் பெரிய மோட்டாரை வைத்திருந்தாலும் அதே குகையில் அதே காற்றைத்தான் வெட்டியிருக்கும்.

உள்ளே தெரிகிற ஜார் ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு ஓட விட்டுப் பாருங்கள். பிளேடு தண்ணீரை வெளிப்பக்கமாக வீசுகிறது. அது சுவரில் மோதி மேலே ஏறுகிறது. ஏறிய தண்ணீர் நடுவில் உள்ள பள்ளத்தில் விழுந்து மறுபடி பிளேடுக்கு வருகிறது. ஆற்றில் சுழி விழும் இடத்தில் மிதக்கிற சருகு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து உள்ளே இழுபடும் இல்லையா, அதே காரியம்தான். பிளேடு ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது, பழத்தைத் தேடிப் போகாது. சுழிதான் பழத்தைப் பிளேடிடம் கொண்டுவந்து கொடுக்கிறது, அரைபட்டதை மேலே அனுப்பி அரைபடாததைக் கீழே இறக்குகிறது. சுழி விழுந்தால் ஸ்மூத்தி ஆகும். விழாவிட்டால் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஆகாது.

உறைந்த பழத்தில் சுழி விழுவது கஷ்டம். துண்டுகள் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்துப் பாலம் மாதிரி நின்றுவிடும். கீழே உள்ளதை பிளேடு அரைத்துத் தள்ளியதும் அந்தப் பாலத்துக்கு அடியில் குகை உண்டாகிறது. அதை உடைக்க மூன்று வழி உண்டு. திரவத்தைக் கூட்டலாம். பாலம் கட்ட இடம் கொடுக்காத வடிவத்தில் ஜார் இருக்கலாம். இல்லையென்றால் மேலிருந்து ஒரு கோலால் பழத்தைக் கீழே தள்ளலாம். நல்ல பிளெண்டர்களோடு இந்தக் கோலைத் தருகிறார்கள், டேம்பர் என்று பெயர். மூடியின் நடுத் துளை வழியாக இறக்கினால் பிளேடுக்கு மேலேயே நின்றுவிடும் அளவுக்குத்தான் அதன் நீளம் இருக்கும். அந்தக் கோல் இல்லையே என்று கரண்டியை விட்டுவிடாதீர்கள். ஓடுகிற ஜாருக்குள் மரக் கரண்டி போனால் அரைபடுவது கரண்டிதான். நிறுத்தி, கிளறி, மறுபடி ஓட்டுங்கள்.

ஜாரின் வடிவம்தான் இதில் முக்கியமான சங்கதி. அடி குறுகி மேலே அகன்ற, உயரமான ஜாரில் பழம் தன் எடையாலேயே பிளேடை நோக்கிச் சரியும். உட்சுவரில் செங்குத்தாக மேடுகள் இருக்க வேண்டும், அல்லது ஜார் சதுரமாக இருக்க வேண்டும். வழவழப்பான வட்ட ஜாரில் உள்ளே இருப்பது மொத்தமும் பிளேடோடு சேர்ந்து ராட்டினம் மாதிரி சுற்றும். எல்லாம் ஒன்றாகச் சுற்றினால் எதுவும் எதோடும் மோதாது. மேடும் மூலையும் அந்தச் சுற்றலை உடைத்து, ஓட்டத்தைத் திருப்பி நடுவுக்கு அனுப்புகின்றன. கடையில் ஜாரைக் கையில் வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வாட் என்ன என்று கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது.

ஹார்லிக்ஸுக்குப் பிறந்த இயந்திரம்

மிக்ஸியும் பிளெண்டரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைக்காகப் பிறந்தவை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்று ஒரு ஊர். நம் வீடுகளில் காய்ச்சல்காரருக்குக் கரைத்துக் கொடுத்த ஹார்லிக்ஸ் தொடங்கியது அங்கேதான். போலந்து வம்சாவளியைச் சேர்ந்த ஸ்டீபன் பாப்லாவ்ஸ்கி என்பவர், சோடாக் கடைகளில் ஹார்லிக்ஸ் போட்டு மில்க்‌ஷேக் அடிப்பதற்காக, கோப்பையின் அடியில் சுழலும் பிளேடு வைத்த இயந்திரத்தை உருவாக்கி 1922இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1937இல் ஃப்ரெட் வேரிங் என்ற இசைக்குழுத் தலைவர் பணம் போட்டு வெளிவந்த பிளெண்டரும் பானம் அடிப்பதற்காகவே விற்கப்பட்டது. ஆக, பிளெண்டர் பிறவியிலேயே பானம் அடிக்கும் இயந்திரம். நிறைய திரவம், கொஞ்சம் திடம், ஓரிரு நிமிட வேலை.

நம் ஊர் மிக்ஸியின் கதை வேறு. 1960களில் பம்பாயில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்யபிரகாஷ் மாத்துரின் வீட்டில், வெளிநாட்டு மிக்ஸர் ஒன்று நம் சமையலின் அரைப்புக்குத் தாங்காமல் எரிந்துபோனது. அவர் பலமான மோட்டாரோடு, நம் அரைப்புக்கென்றே உருவாக்கியதுதான் சுமீத் மிக்ஸி. ஊறவைத்த உளுந்து, காய்ந்த மிளகாய், தேங்காய், மஞ்சள் என்று கெட்டியான பொருளைக் கொஞ்சம் தண்ணீரில் நசுக்கி விழுதாக்குவது அதன் வேலை. நடுவே நிறுத்தி, வழித்துவிட்டு, மறுபடி ஓட்டுவது நமக்குப் பழக்கம். அதனால் சுழி விழுகிறதா என்று யாரும் கவலைப்பட்டதில்லை. ஜாரும் அகலமாக, பிளேடு அடியோடு ஒட்டி, சுவர் செங்குத்தாக இருந்தால் போதும்.

இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு புதிர்கள் விடுபடும். சட்னிக்கு அருமையான மிக்ஸி, உறைந்த மாம்பழத்தில் திணறுவது ஏன்? ஸ்மூத்திக்கு அருமையான பிளெண்டர், தேங்காய்ச் சட்னியில் நாற்றமெடுத்து நின்றுபோவது ஏன்? இரண்டிலும் பழுது ஒன்றும் இல்லை. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

வாட் கணக்கு

சரி, வாட்டுக்கு வருவோம். அது தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐஸும் உறைந்த பழமும் போடுகிற வீட்டுக்கு உயரமான ஜாரோடு 750 வாட் இருந்தால் நிம்மதி. 500 வாட்டிலும் முடியும், அளவைக் குறைத்துப் பல தடவை அடிக்க வேண்டும். 1000 வாட்டுக்கு மேலே போவது தினமும் நாலைந்து பேருக்கு அடிப்பவர்களுக்கும், கீரை, கொட்டை, விதை எல்லாவற்றையும் நைசாக்க நினைப்பவர்களுக்கும்தான் பயன்படும்.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் வாட் என்பது மோட்டார் கரண்டில் இருந்து இழுப்பது. பிளேடுக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. அமெரிக்காவில் இருந்து வரும் சில பெட்டிகளில் வாட்டுக்குப் பதில் "உச்சக் குதிரைத்திறன் 3" என்று போட்டிருக்கும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். மூன்று என்றால் 2238 வாட். அங்கே வீட்டில் உள்ள சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் 120 வோல்ட்டுக்கு 1800 வாட்தான் எடுக்க முடியும். அப்படியானால் அந்த மூன்று குதிரையும் ஒரு கணம் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகிற குதிரைகள். இந்த மாதிரி எண்ணைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

நம் வீட்டுப் பிளக்கையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய 6 ஆம்ப் பிளக்கின் எல்லை, 230 வோல்ட்டில் 1380 வாட். 1400, 1500 வாட் பிளெண்டர் வாங்கினால் ஃப்ரிட்ஜுக்கும் கீசருக்கும் இருக்கிற மாதிரி பெரிய 16 ஆம்ப் பிளக் சமையல் மேடை அருகே வேண்டும். இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிட அதிகம்.

வாட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பினால் தெரியும் பொடி எழுத்துகள். "30 நிமிடம், 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நிறுத்தம்" என்கிற அர்த்தத்தில் ஒரு வரி பெரும்பாலான மிக்ஸிகளில் இருக்கும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு இரண்டு நிமிடம் ஆறவிட்டு, இப்படி அரை மணி வரை அந்த மோட்டார் தாங்கும் என்று பொருள். கப் மாதிரி இருக்கும் சின்ன பிளெண்டர்களின் கையேட்டைப் பார்த்தால், ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதே என்றுதான் இருக்கும். இரண்டிலும் ஒரே வாட் போட்டிருக்கலாம். எது உழைக்கும் என்பதை இந்த வரிதான் சொல்லும். கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அங்கேதான் இருக்கும். மிக்ஸிக்கு உரிய தர எண் ஐ.எஸ். 4250.

அடியில் சிவப்பாக ஒரு சின்ன பட்டன் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாரம் அதிகமாகி மோட்டார் திணறினால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு அது. ஓடிக்கொண்டிருந்தது பாதியில் நின்றால் எரிந்துவிட்டது என்று பதற வேண்டாம். சுவிட்சை அணைத்து, ஜாரை எடுத்துக் கொஞ்சம் காலி செய்து, ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் ஓடும். புது மிக்ஸியில் முதல் சில தடவை வரும் லேசான வார்னிஷ் வாசனைக்கும் பயப்பட வேண்டாம். அது உள்ளே உள்ள காயிலின் பூச்சு சூடாவதால் வருவது. மாதக்கணக்காக ஓடியதில் திடீரென்று வரும் கருகல் நாற்றம் வேறு விஷயம், அதற்கு ஆள் பார்க்க வேண்டும்.

ஐஸ்

உறைந்த பானம் என்றாலே நம் மனதில் வருவது மால்களில் கண்ணாடித் தொட்டிக்குள் சுழன்றுகொண்டிருக்கும் கலர் ஸ்லஷ். அது பிளெண்டரில் செய்வது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இயந்திரம் சர்க்கரைத் தண்ணீரைக் கிளறிக்கொண்டே உறையவைக்கிறது. அமெரிக்காவின் டல்லஸில் உணவகம் நடத்திய மரியானோ மார்ட்டினெஸ் 1971இல் ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து உறைந்த பானம் செய்ததும், ஒவ்வொரு டம்ளராக பிளெண்டரில் அடித்துக் கட்டுப்படியாகாமல்தான். அந்த இயந்திரம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிளெண்டர் செய்வது இதற்கு நேர் எதிர். அது ஐஸில் ஆரம்பித்து, அடிக்க அடிக்க அதைச் சூடாக்குகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 750 வாட் மோட்டார் இழுப்பதில் பாதி, ஜாருக்குள் வெப்பமாக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் சுமார் 22 கிலோஜூல். ஒரு கிராம் ஐஸை உருக்க 334 ஜூல் வேண்டும். அப்படியானால் ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட 65 கிராம் ஐஸ் உருகிவிடும். வீட்டு ட்ரேயில் மூன்று கட்டி. நைசாக வரட்டும் என்று இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டினால் கிடைப்பது தண்ணீர்தான். உறைந்த பானத்துக்கு நல்ல பிளெண்டர் என்பது முப்பது நாற்பது விநாடியில் வேலையை முடிக்கிற பிளெண்டர். நீண்ட நேரம் ஓட்டியாக வேண்டுமென்றால் அது உங்களுக்கு உதவாது.

பிளேடு கூராக இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஐஸுக்கு அது அவசியமே இல்லை. பாரம் இல்லாமல் ஓடும்போது மிக்ஸி நிமிடத்துக்குச் சுமார் 20,000 சுற்று சுற்றும். முனைக்கு முனை 7 செ.மீ. உள்ள பிளேடானால் அதன் நுனி மணிக்கு 260 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் வந்து மோதும் எதுவும் ஐஸை உடைக்கும். விலை உயர்ந்த பெரிய பிளெண்டர்களின் பிளேடை விரலால் தடவினால் கூரே இருக்காது, மொழுக்கென்று தடிமனாக இருக்கும். அது வெட்டுவதில்லை, அடித்து நொறுக்குகிறது. அதனால் பிளேடில் நீங்கள் பார்க்க வேண்டியது தடிமனும், கையால் அசைத்தால் ஆடாமல் நிற்பதும்தான்.

ஐஸ் போடும்போது பல்ஸ் பட்டனைப் பயன்படுத்துங்கள். ஒரு விநாடி அழுத்தி விட்டால் துள்ளிய கட்டிகள் கீழே விழுந்து இடம் மாறும், அடுத்த அழுத்தலில் வேறு கட்டி அடிபடும். மிக்ஸியில் குமிழை இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால் வருவதும் இதே வேலைதான். ஃப்ரீசரில் இருந்து எடுத்த கையோடு போடாமல் இரண்டு நிமிடம் வெளியே வைத்தால் இன்னும் சுலபம். ட்ரேயில் பாதி உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி உறையவைத்த மெல்லிய கட்டிகள் சின்ன மோட்டாருக்குப் பெரிய உதவி.

ஐஸே இல்லாமலும் உறைந்த பானம் செய்யலாம். எனக்குப் பிடித்த வழி அதுதான். கேரளத்தில் பிறந்து நம் ஜூஸ் கடைகளுக்கும் வந்துவிட்ட ஷார்ஜா ஷேக்கைப் பாருங்கள். ஐஸ் போட மாட்டார்கள். பால் பாக்கெட்டை அப்படியே உறையவைத்து, தட்டி உடைத்து, சின்ன வாழைப்பழத்தோடு போட்டு அடிப்பார்கள். உறைந்த பாலில் கொழுப்பும் சர்க்கரையும் இருப்பதால் தண்ணீர் ஐஸ் மாதிரி கல்லாக இறுகுவதில்லை. உருகினாலும் பால்தான், பானம் நீர்த்துப் போகாது. உறைந்த வாழைப்பழமும் அப்படித்தான். நன்றாகப் பழுத்ததைத் தோலுரித்து வில்லைகளாக நறுக்கி, தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு டப்பாவில் போட்டு வையுங்கள். மே மாதத்து மாம்பழத்தையும் இப்படிச் சேர்த்து வைத்தால் ஆடி வரை வரும்.

சர்க்கரைக்கும் இதில் பங்கு உண்டு. அது தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குவதால் ஐஸ் முழுக்க இறுகாமல் பொலபொலவென்று நிற்கிறது. இயந்திர ஸ்லஷ்ஷுக்கு நூறு கிராம் கலவையில் 13 கிராம் போலச் சர்க்கரை வைப்பது இதற்காகத்தான். சர்க்கரை வேண்டாம் என்பவர்கள் வெறும் எலுமிச்சைச் சாறும் ஐஸும் அடித்தால் ஒரே நிமிடத்தில் தண்ணீர் கீழே, ஐஸ் மேலே என்று பிரிந்துவிடும். அதைப் பிளெண்டரின் குற்றம் என்று நினைக்காதீர்கள். பாதி வாழைப்பழமோ ஊறிய முந்திரி நாலைந்தோ சேர்த்தால் பிரியாமல் பிடித்து நிற்கும்.

எந்த வகை

2011இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸித் திட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மிக்ஸி இல்லாத வீடு அபூர்வம். அதனால் முதல் கேள்வி, புதிதாக ஒன்று வேண்டுமா என்பதுதான். உங்கள் மிக்ஸி 750 வாட்டாக இருந்து, அதே நிறுவனம் அதற்கு உயரமான ஜூஸ் ஜார் தனியாக விற்கிறது என்றால், வாரத்தில் நாலு நாள் ஸ்மூத்திக்கு அதுவே போதும். ஒரு ஜார் காசோடு வேலை முடிந்துவிடும்.

கப் பிளெண்டர் ஒருவருக்கு, ஒரு டம்ளருக்கு நல்லது. கப்பை நிரப்பிக் கவிழ்த்துப் பொருத்துவதால் இதில் போடும் வரிசை தலைகீழ். ஐஸும் உறைந்த பழமும் முதலில், திரவம் கடைசியில். கவிழ்த்ததும் திரவம் பிளேடுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். இதில் சூடான எதையும் போடவே கூடாது. காற்றுப் போக வழி இல்லாமல் மூடிய கப்புக்குள் ஆவி அழுத்தம் ஏறி, திறக்கும்போது சூடாக முகத்தில் தெறிக்கும். குளிர்ந்ததைப் போட்டாலும் நிமிடக்கணக்கில் ஓட்டினால் உராய்விலேயே சூடாகும்.

சார்ஜ் செய்யும் குட்டி பிளெண்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை. மென்மையான பழத்தைக் கரைக்கும், ஐஸுக்கு ஆகாது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரே மாடலில் சுமார் 48 லட்சம் கருவிகளைத் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகவும் பிளேடு உடையும் அபாயத்துக்காகவும் திரும்பப் பெற்றார்கள். கையில் பிடித்து அடிக்கும் பிளெண்டர் லஸ்ஸிக்கும் மோருக்கும் சரி.

பெரிய, அதிவேக பிளெண்டர்கள் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். பத்து வருடம் தினமும் அடிப்பவருக்கு அது நியாயமான செலவு. ஆனால் அமெரிக்காவில் இருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்லும் முன் யோசியுங்கள். அங்கே வாங்குவது 120 வோல்ட்டுக்குச் செய்தது. பிளக்கை மாற்றி நம் 230 வோல்ட்டில் செருகினால் மோட்டார் அந்த இடத்திலேயே போய்விடும். பயணத்துக்கு எடுத்துப் போகும் குட்டி அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 1500 வாட்டைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அது பிளெண்டரைவிடக் கனமாகச் சமையல் மேடையில் உட்காரும். அங்கே கொடுத்த வாரண்டி பெரும்பாலும் இங்கே செல்லாது.

எது முதலில் போகும்

நான் முதலில் வாங்கியது ஒரு கப் பிளெண்டர். ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலையில் மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை. கப்பை எடுத்துப் பார்த்தால் அடியில் பல் பல்லாக இருந்த கறுப்புச் சக்கரத்தில் பற்களே இல்லை. தேய்ந்து, உருகி, வட்டமாகிவிட்டது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய அந்தத் துண்டு எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த நிறுவனம் மாடலையே நிறுத்திவிட்டிருந்தது. நல்ல மோட்டாரோடு முழுப் பிளெண்டரையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

அந்தத் துண்டுக்குப் பெயர் கப்ளர். மோட்டாரையும் ஜாரையும் இணைப்பது அதுதான். ஐஸ் கட்டி பிளேடில் மாட்டி மோட்டார் திணறும்போது, மோட்டார் எரிவதற்குப் பதில் தான் தேய்ந்து போவதற்காகவே பல மிக்ஸிகளில் அதை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்கிறார்கள். ஆக அது தேயத்தான் செய்யும். தேய்ந்தால் மாற்ற முடிகிறதா என்பதுதான் கேள்வி. அடுத்துப் போவது ஜாரின் அடியில் உள்ள வாஷரும், பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷும். ஜாரின் அடியில் ஈரம் கசிந்தாலோ, பிளேடைக் கையால் சுற்றும்போது கறகறவென்று இருந்தாலோ அவை முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ். மோட்டாரே எரிவது இவற்றுக்கெல்லாம் கடைசியில்.

விளம்பரத்தில் பெரிதாக வருவது மோட்டாருக்கு ஐந்து வருட வாரண்டி. முதலில் போகிற கப்ளருக்கும் வாஷருக்கும் பிரஷ்ஷுக்கும் அதில் பெரும்பாலும் இடம் இருக்காது. அதனால் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருமுனையில் மிக்ஸி ரிப்பேர் கடை இருக்கும். அந்த அண்ணாச்சியிடம் மாடல் பெயரைச் சொல்லி, "இதுக்குக் கப்ளர் கிடைக்குமா, ஜார் கிடைக்குமா?" என்று கேளுங்கள். அவர் கையை நீட்டிப் பின்னால் தொங்கும் சரத்தில் இருந்து ஒன்றை எடுத்துக் காட்டினால், அந்தப் பிளெண்டர் உங்கள் வீட்டில் பத்து வருடம் இருக்கும். "கம்பெனிக்குத்தான் அனுப்பணும்" என்றால் வேறு மாடல் பாருங்கள். எத்தனை நட்சத்திர மதிப்பீட்டைப் படித்தாலும் இந்த ஒரு பதிலுக்கு ஈடாகாது.

ஜார் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. கண்ணாடி வாசனை பிடிக்காது, கீறல் விழாது, ஆனால் கனம். கீழே விழுந்தால் அவ்வளவுதான். பிளாஸ்டிக் என்றால் டிரைட்டான் வகையில், பலரும் பயப்படுகிற பி.பி.ஏ. என்ற வேதிப்பொருள் இல்லை. அடிக்கடி ஐஸ் அடித்தால் நாளடைவில் மங்கலாகும். எவர்சில்வர் ஜார் சாகாவரம் பெற்றது. ஆனால் உள்ளே சுழி விழுகிறதா என்று பார்க்க முடியாது, காதால்தான் கேட்க வேண்டும். கேட்டுப் பழகலாம். உறுமல் சீராக இருந்தால் வேலை நடக்கிறது. கீச்சென்று மேலே போனால் குகை விழுந்துவிட்டது, உடனே நிறுத்துங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு கப் தண்ணீர், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை அல்லது பசலை, அதன் மேல் உறைந்த வாழைப்பழ வில்லைகள் இரண்டு கப். இந்த வரிசையில்தான் போட வேண்டும். திரவம் அடியில், இலை நடுவில், உறைந்தது மேலே. அதன் எடை இலையைக் கீழே அழுத்திக்கொடுக்கும். மெதுவான வேகத்தில் ஆரம்பித்து, பத்து விநாடி கழித்து முழு வேகத்துக்குப் போங்கள். மேற்பரப்பில் பள்ளம் விழுந்து, பச்சை மெல்ல மெல்ல நடுவுக்கு இழுபடுவது தெரிய வேண்டும். நாற்பது விநாடியில் நிறுத்தி, டீ வடிகட்டியில் கொஞ்சம் ஊற்றிக் கரண்டியால் தேயுங்கள். கண்ணியில் பசை மாதிரி ஒரு படலம் மட்டும் நின்றால் நல்ல இயந்திரம். இலைத் துணுக்குகளும் வாழைக் கட்டிகளும் தங்கினால், இன்னொரு தடவை கால் கப் தண்ணீர் கூட்டிப் பாருங்கள். அப்போதும் தங்கினால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம்.

குடித்த கையோடு ஜாரில் பாதிக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு இருபது விநாடி ஓட்டினால் ஜார் சுத்தம். வாஷரைக் கழற்ற முடிகிற ஜாரானால் வாரம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். பழச்சாறு அதன் அடியில் தங்கிக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். ஜாரை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடவே போடாதீர்கள். அடியில் உள்ள புஷ்ஷுக்குள் தண்ணீர் இறங்கி, அதன் ஆயுள் பாதியாகிவிடும்.

என் தங்கை கடைசியில் பிளெண்டர் வாங்கவில்லை. அவள் வீட்டு மிக்ஸிக்கு, உள்ளே நாலு மேடு வைத்த உயரமான ஜார் ஒன்று ரிப்பேர் கடையிலேயே கிடைத்தது. அதன் மூடியில் "பழம் மட்டும்" என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறாள். பூண்டுச் சட்னி அரைத்த ஜாரில் அடித்த மாம்பழ ஸ்மூத்தியை ஒரு தடவை குடித்தவள் அவள்.